ஐந்து சென்டிமீட்டர்: பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கு அனுப்புறவங்களுக்கு

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு முடிஞ்சு வெளியே வந்த பொண்ணு கையில ஒரு கவர் இருந்தது. கார்ல ஏறினதும் பின் சீட்டுல இருந்து நீட்டினாள். பிரிச்சுப் பார்த்தா, அவளை அவங்க டீம்ல சேரச் சொல்லி அழைப்பு. எட்டு வயசு. ரெண்டு வருஷமா வாரம் ஒரு மணி நேரம் போய் வந்துட்டு இருந்தவ. இனிமே வாரத்துக்கு மூணு நாள், நாளைக்கு மூணு மணி நேரம். ஆறு மாசம் கழிச்சு அது நாலு நாளாகும்.

எனக்குத் தலைகால் புரியலை. பள்ளிக்கூடத்துல குட்டிக்கரணம்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாம பி.டி. வாத்தியார்கிட்ட குட்டு வாங்கினவன் நான். என் பொண்ணு டீம்ல! வீடு வந்து சேர்றதுக்குள்ள மனசுக்குள்ள ஒலிம்பிக் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன் :-)

தங்கமணி கடிதத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. சந்தோஷம்தான். ஆனா கடைசி வரியில விரலை வெச்சாங்க. டீம் பயிற்சியைப் பெற்றோர் மாசத்தோட கடைசி வாரம் மட்டும் பார்க்கலாம், மத்த நாள் வாசல்ல விட்டுட்டுப் போயிடணும்னு அதுல இருந்தது.

"ஏன் பார்க்கக் கூடாது?"

"பிள்ளைங்க கவனம் சிதறுமாம்."

"ஓஹோ" அப்படின்னு ஒரே வார்த்தை. கல்யாணமானவங்களுக்கு அந்த 'ஓஹோ'வோட அர்த்தம் தெரியும்.

நாங்க இருக்கறது மிச்சிகன் மாநிலம். எங்க ஊர்ல இருந்து ஈஸ்ட் லான்சிங்குக்குக் கார்ல ஒண்ணரை மணி நேரம்தான். ஜிம்னாஸ்டிக்ஸ் விஷயத்துல 'ஏன் பார்க்கக் கூடாது'ங்கற கேள்வியை இந்த ஊர்ப்பக்கம் யாரும் சாதாரணமா கேட்க முடியாது. அதுக்குக் காரணம் கீழே வருது. அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம் இந்த விளையாட்டோட வரலாற்றைத் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

*

முதல்ல ஒரு விஷயம். இந்த விளையாட்டு குழந்தைகளுக்காக உருவானது இல்லை.

1811-ல பெர்லின் நகரத்துக்கு வெளியே ஹாசன்ஹைடேங்கற இடத்துல ஃப்ரீட்ரிக் லூட்விக் யான் ஒரு திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைச்சார். அப்போ பிரஷ்யா நெப்போலியன்கிட்ட தோத்துப்போயிருந்த நேரம். வாலிபப் பசங்களை உடம்பாலயும் மனசாலயும் தயார் பண்ணணும்ங்கறதுதான் அவரோட நோக்கம். இன்னிக்கு ஆண்கள் போட்டியில இருக்கற பேரலல் பார் மாதிரியான கருவிகள் அந்த இயக்கத்துல வளர்ந்தவைதான்.

பெண்கள் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தது 1928, ஆம்ஸ்டர்டாம். அதுவும் குழுப் போட்டி மட்டும். நெதர்லாந்து ஜெயிச்சது, இத்தாலிக்கு ரெண்டாவது இடம். அந்த இத்தாலிக் குழுவுல லுயிஜினா ஜியாவொத்தின்னு ஒரு பொண்ணுக்கு வயசு 11 தான். அதனால 'அந்தக் காலத்துல சின்னப் பிள்ளைங்களே கிடையாது'ன்னு சொல்லிட முடியாது. ஆனா 1952-ல பெண்களுக்குத் தனிநபர் போட்டி வந்ததுல இருந்து ஜெயிச்சவங்களோட வயசைப் பாருங்க. முதல் சாம்பியன் சோவியத்தோட மரியா கோரோகோவ்ஸ்காயா, 30 வயசு. 1956 மெல்போர்ன்ல நாலு தங்கம் வாங்கின ஹங்கேரியோட ஆக்னஸ் கெலட்டிக்கு 35. (அந்த அம்மா 2025 ஜனவரியில, 104-வது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்னாடி காலமானாங்க.) லாரிசா லத்தினினா 1958 உலகப் போட்டியில வயித்துல குழந்தையோட தங்கம் தங்கமா அள்ளினாங்க. 1968 மெக்சிகோவுல மறுபடியும் பட்டம் ஜெயிச்ச வேரா சாஸ்லாவ்ஸ்காவுக்கு 26.

அதாவது 'பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ்'னா நிஜமாவே வளர்ந்த பெண்கள் ஆடினது. இது எப்போ சிறுமிகள் விளையாட்டா மாறிச்சு?

1972 மியூனிக்ல ஓல்கா கோர்புட். 17 வயசு, பார்த்தா இன்னும் சின்னப் பொண்ணு மாதிரி. உத்திரத்து மேல பின்னாடி குட்டிக்கரணம் அடிச்சு, விழுந்த அன்னிக்கு அழுது, ஜெயிச்ச அன்னிக்குச் சிரிச்சு, டிவி பார்த்தவங்களை எல்லாம் மயக்கிட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு 1976 மான்ட்ரியல்ல ருமேனியாவோட நாடியா கோமனேச்சி. வயசு 14. முழுசா பத்துக்குப் பத்து. ஸ்கோர் போர்டுல பத்து காட்ட வசதி இல்லாம '1.00'ன்னு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்த ஒலிம்பிக்ல மட்டும் ஏழு தடவை பத்து வாங்கினாங்க.

அதுக்கப்புறம் உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சின்ன உடம்பைத் தேட ஆரம்பிச்சாங்க. இதுக்குப் பின்னாடி இயற்பியலும் இருக்கு. பனிச்சறுக்குல சுத்தறவங்க கையை உடம்போட ஒட்ட வெச்சா வேகமா சுத்துவாங்க இல்லையா, அதே தத்துவம்தான். குட்டையா, மெலிசா, இடுப்பு அகலமாகாத உடம்பு காத்துல சீக்கிரம் சுத்தும். தன் எடையைத் தானே தூக்கறதும் சுலபம். கூடவே துள்ளற தரை, தள்ளி வெச்ச கம்பிகள்னு கருவிகளும் மாறிச்சு. வித்தைகள் கஷ்டமாச்சு. கஷ்டமான வித்தைக்கு அதிக மார்க். ஆக, 'வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி உச்சத்துக்குப் போயிடணும்'ங்கறது இந்த விளையாட்டோட எழுதப்படாத சட்டமாயிடுச்சு. பன்னெண்டு வயசுக்குள்ள உச்சத்தைத் தொடணும்னா எப்போ ஆரம்பிக்கணும்? அஞ்சு, ஆறு வயசுல. அந்த வயசுப் பிள்ளை பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசுமா? பேசாது. பயிற்சியாளர்களுக்கு அதுவும் வசதியா இருந்தது.

*

வயசு விதியையும் சொல்லிடறேன். ஆரம்பத்துல சர்வதேசப் போட்டிக்குக் குறைஞ்ச வயசு 14. 1981-ல 15 ஆச்சு. 1997-ல 16. பிள்ளைங்களைக் காப்பாத்தத்தான் ஏத்தினாங்க. நாடுகள் என்ன பண்ணிச்சு தெரியுமா? பிறந்த தேதியை மாத்திச்சு. வட கொரியாவோட கிம் க்வாங் சுக்குக்கு அடுத்தடுத்த வருஷங்கள்ல வயசு '15'ன்னே பதிவாகியிருந்தது. அந்தப் பொண்ணு 1991-ல உலகத் தங்கமும் வாங்கிச்சு. விஷயம் வெளிய வந்து 1993 உலகப் போட்டிக்கு வட கொரியாவுக்குத் தடை. 2000 சிட்னி ஒலிம்பிக்ல சீனாவோட டோங் ஃபாங்சியாவோ ஆடினப்போ வயசு 14 தான்னு பின்னாடி முடிவாகி, 2010-ல அந்தக் குழுவோட வெண்கலத்தைப் பறிச்சாங்க. தேதியைத் திருத்தினது பெரியவங்க, பதக்கம் போனது பிள்ளைங்களுக்கு.

இன்னும் கொடுமையான கதைகள் இருக்கு. எலேனா முகினா, 1978-ல உலகச் சாம்பியன். 1979-ல கால் உடைஞ்சது. முழுசா ஆறறதுக்குள்ள மறுபடி பயிற்சி. 'தாமஸ் சால்ட்டோ'ன்னு ஒரு வித்தை, காத்துல சுத்தி வந்து தலையை உள்ளே மடக்கி உருண்டு எழுந்திருக்கணும். கொஞ்சம் பிசகினாலும் கழுத்துதான். இது ஆபத்து, கழுத்து உடைஞ்சுடும்னு அந்தப் பொண்ணு பல தடவை சொல்லியிருக்கு. யாரும் காதுல போட்டுக்கலை. 1980 ஜூலை 3, மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு ரெண்டு வாரம் முன்னாடி, மின்ஸ்க்ல பயிற்சியில அதே வித்தையில அதே மாதிரி விழுந்தாங்க. கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வயசு 20. அதுக்கப்புறம் 26 வருஷம் படுக்கையிலயும் சக்கர நாற்காலியிலயும் இருந்து 2006-ல போய்ச் சேர்ந்தாங்க. பிற்பாடு பெண்கள் அந்த வித்தை செய்யறதையே தடை பண்ணிட்டாங்க.

அமெரிக்காவோட ஜூலிசா கோமஸ், 1988-ல டோக்கியோவுல வால்ட் தாண்டறப்போ ஸ்ப்ரிங் பலகையில கால் வழுக்கித் தலை மோதினாங்க. 15 வயசு. மூணு வருஷம் கழிச்சு இறந்துபோனாங்க. அந்தத் தாண்டல்ல அவங்களுக்கு நிதானம் இல்லைங்கறது கூட இருந்தவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது. பலகையைச் சுத்திப் போடற லாட வடிவ மெத்தை அதுக்கப்புறம்தான் கட்டாயமாச்சு. இன்னொரு அமெரிக்கப் பொண்ணு கிறிஸ்டி ஹென்ரிச், எடையைக் குறைக்கணும்னு சாப்பாட்டை விட்டு விட்டு, அதுவே நோயாகி 1994-ல 22 வயசுல போயிட்டாங்க. 'நீ குண்டு'ங்கற ஒரு வார்த்தை ஒரு பிள்ளைக்குள்ள எவ்வளவு தூரம் போகும்னு யோசிச்சுப் பாருங்க.

*

தலைப்புக்கு வரேன்.

2000 செப்டம்பர், சிட்னி. பெண்கள் தனிநபர் இறுதிப் போட்டி. உலகத்துலயே சிறந்த பொண்ணுங்க. வால்ட்ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் விழறாங்க. ஒரு பிரிட்டிஷ் பொண்ணுக்குக் கால்ல அடிபட்டுப் போட்டியை விட்டே போகவேண்டியதாச்சு. தங்கம் வாங்குவாங்கன்னு எல்லாரும் நினைச்ச ரஷ்யாவோட ஸ்வெட்லானா கோர்கினா அதுல விழுந்து, மனசு உடைஞ்சு, அடுத்த கம்பியிலயும் விழுந்தாங்க. அரங்கம் முழுக்க நடுவர்கள், பயிற்சியாளர்கள், அதிகாரிகள். அத்தனை பேரும் நினைச்சது என்ன? 'பிள்ளைங்க பதட்டத்துல சொதப்பறாங்க.'

ஆஸ்திரேலியாவோட அலானா ஸ்லேட்டர், 16 வயசுப் பொண்ணு, அந்தக் குதிரை தாழ்வா இருக்கற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. டேப்பை எடுத்து அளந்தாங்க. 125 சென்டிமீட்டர் இருக்கவேண்டியது 120 தான் இருந்தது. அஞ்சு சென்டிமீட்டர்! முதல்லயே ஆடி முடிச்சவங்களுக்கு மறுவாய்ப்பு குடுத்தாங்க, ஆனா கோர்கினாவுக்கு அது பிரயோஜனப்படலை. கம்பியில விழுந்தது விழுந்ததுதானே.

அன்னிக்கு ஜெயிச்ச ருமேனியாவோட ஆந்த்ரேயா ரடூகானுக்கு வயசு 16. அஞ்சு நாள்ல தங்கத்தைத் திருப்பி வாங்கிட்டாங்க. குழு மருத்துவர் குடுத்த சளி மாத்திரையில தடை செய்த மருந்து இருந்ததாம்.

இந்தச் சிட்னி கதையைப் படிச்சப்போ எனக்குத் தோணினதுதான் இந்தப் பதிவு. ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாறுல திரும்பத் திரும்ப நடந்தது ஒண்ணே ஒண்ணு. பிள்ளை ஏதோ சொல்லுது. பெரியவங்க அளந்து பார்க்கறதில்லை.

*

இப்போ ஈஸ்ட் லான்சிங்.

லாரி நாசர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல மருத்துவர், அமெரிக்க தேசியக் குழுவுக்கும் மருத்துவர். வைத்தியங்கற பேர்ல பல வருஷமா நூத்துக்கணக்கான பெண் பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்துகிட்டவர். 1997-லயே ஒரு பயிற்சியாளர்கிட்ட சொன்னதா ஒரு பெண் பின்னாடி சாட்சி சொன்னாங்க. 2015 ஜூலையில தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் எஃப்.பி.ஐ.கிட்ட புகார் குடுத்தது. எஃப்.பி.ஐ. அசையலை. அந்த ஒரு வருஷத் தாமதத்துல சுமார் 70 பேர் பாதிக்கப்பட்டாங்கன்னு அமெரிக்க நீதித்துறையோட சொந்தத் தணிக்கை அறிக்கையே 2021-ல சொல்லிச்சு. 2016 செப்டம்பர்ல ரேச்சல் டென்ஹாலண்டர் தன் பேரையும் முகத்தையும் மறைக்காம இண்டியானாபோலிஸ் ஸ்டார் பத்திரிகைகிட்ட பேசினப்புறம்தான் அணை உடைஞ்சது. 2018 ஜனவரியில லான்சிங் நீதிமன்றத்துல 150-க்கும் மேல பெண்கள் ஒவ்வொருத்தரா நின்னு பேசினாங்க. தண்டனை 40-ல இருந்து 175 வருஷம். அப்புறம் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர், ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கமும் ஒலிம்பிக் கமிட்டியும் சேர்ந்து 38 கோடி டாலர் நஷ்டஈடு.

பணக் கணக்கை விடுங்க. பெத்தவனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது வேற. டென்ஹாலண்டர் 15 வயசுல அவர்கிட்ட போனப்போ, அவங்க அம்மா அதே அறையில இருந்தாங்க. பல பிள்ளைங்களுக்கு அப்படித்தான். அம்மா பார்வைக்குத் தெரியாத மாதிரி தன் உடம்பால மறைச்சு நின்னுகிட்டே பேசிட்டு இருப்பாராம். நல்ல மனுஷன்னு பேர். ஊரே கொண்டாடற டாக்டர். அந்த அம்மாக்கள் யாரும் அசட்டையானவங்க இல்லை. நீதிமன்றத்துல முதல்ல பேசின பெண், பன்னெண்டு வயசுல வீட்டுல சொன்னப்போ பெத்தவங்க நம்பலைன்னு சொன்னாங்க. அவர் குடும்ப நண்பராச்சே, அவரா இப்படின்னு.

டெக்சாஸ்ல காட்டுக்கு நடுவுல இருந்த கரோலி பண்ணையிலதான் தேசியக் குழுவோட முகாம். அங்கே பெற்றோருக்கு அனுமதி கிடையாது. மொபைல் சிக்னலும் ஒழுங்கா கிடைக்காது. பிள்ளைங்க பசியோட, பயத்தோட இருந்த இடத்துல யாருக்கும் தெரியாம மிட்டாய் குடுத்துச் சிரிச்சுப் பேசின ஒரே ஆள் நாசர்தானாம். கதவைச் சாத்தினா உள்ளே யார் கை ஓங்கும்ங்கறதுக்கு இதை விட என்ன உதாரணம் வேணும்?

இது அமெரிக்கா கதைன்னு ஒதுக்கிட வேண்டாம். 2022 ஜூன்ல பிரிட்டன்ல ஆன் வைட்ங்கற வழக்கறிஞர் வெளியிட்ட அறிக்கையும் அந்த ஊர் ஜிம்னாஸ்டிக்ஸ்ல திட்டறது, எடை பார்த்து அவமானப்படுத்தறது, அடிபட்டும் ஆட வைக்கறது எல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணா இல்லாம அமைப்பு முழுக்க இருந்ததுன்னு சொல்லுது.

*

சரி, நல்ல சேதியே இல்லையான்னா, இருக்கு.

2021 டோக்கியோவுல சிமோன் பைல்ஸ் காத்துல இருக்கறப்போ தான் எங்கே இருக்கோம்ங்கற உணர்வே தப்பிப்போகுதுன்னு சொல்லி, குழுப் போட்டி நடுவுலயே விலகினாங்க. நாட்டைக் கைவிட்டுட்டாங்கன்னு எத்தனை பேர் எழுதினாங்க! முகினா கதையைப் படிச்சிட்டு இதைப் பார்த்தா வேற மாதிரி தெரியும். 'முடியாது'ன்னு சொல்ல முகினாவுக்கு வாய்ப்பே இல்லை. பைல்ஸ் சொன்னாங்க, அவங்க கழுத்து பத்திரமா இருந்தது. 2024 பாரிஸ்ல 27 வயசுல வந்து மூணு தங்கம், ஒரு வெள்ளி. அந்தக் குழுவுல ஒருத்தரைத் தவிர எல்லாரும் இருபது தாண்டினவங்க. உஸ்பெகிஸ்தானோட ஒக்சானா சுசோவிட்டினா 1992-ல இருந்து எட்டு ஒலிம்பிக் ஆடினாங்க, டோக்கியோவுல அவங்க வயசு 46. நம்ம திரிபுராவோட தீபா கர்மாகர் தட்டைப் பாதத்தோட ஆரம்பிச்சு 2016 ரியோவுல நாலாவது வந்தப்போ 23.

'எட்டு வயசுல சேர்க்கலைன்னா ரயில் போயிடும்'னு யாராவது சொன்னா, இந்தப் பட்டியலைச் சொல்லுங்க.

படிச்சதுல இருந்து நான் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கறது இது. உங்களுக்கும் உதவலாம்.

1. எந்த நாளும், எந்த நேரமும் போய்ப் பார்க்க முடியணும். 'கவனம் சிதறும்'ங்கறது காரணமா சொல்லப்பட்டா, ஜன்னல் வழியாவோ கேமரா வழியாவோ பார்க்க வழி இருக்கான்னு கேளுங்க. அதுவும் இல்லைன்னா அந்த இடம் வேண்டாம்.

2. எந்தப் பெரியவரும் பிள்ளையோட தனியா, மத்தவங்க கண்ணுல படாத இடத்துல இருக்கக் கூடாது. வைத்தியம், மசாஜ், கார்ல கொண்டுவிடறது எல்லாம் இதுல சேர்த்தி. அமெரிக்காவுல 2018 சட்டப்படி, தேசியச் சங்கங்களுக்குக் கீழே பிள்ளைங்களோட பழகறவங்க சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள்ள புகார் குடுக்கணும். பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் பின்னணிச் சோதனையும் சேஃப்ஸ்போர்ட் பயிற்சியும் முடிஞ்சிருக்கான்னு நேராவே கேளுங்க. நல்ல இடத்துல கோவிச்சுக்க மாட்டாங்க.

3. வாரத்துக்குப் பயிற்சி மணி நேரம் பிள்ளையோட வயசைத் தாண்டக் கூடாதுன்னு விளையாட்டு மருத்துவத்துல ஒரு கணக்கு சொல்றாங்க. எட்டு வயசுன்னா எட்டு மணி நேரத்துக்குள்ள. வாரத்துல ரெண்டு நாளாவது முழு ஓய்வு.

4. வளர்ற பிள்ளைங்க எலும்பு நுனியில இன்னும் கெட்டியாகாத குருத்துப் பகுதி இருக்கும். எலும்பு வளர்றதே அங்கேதான். கையை ஊனி ஊனி மணிக்கட்டு வலி, குதிச்சுக் குதிச்சுக் குதிகால் வலி, முதுகை வளைச்சு வளைச்சு இடுப்பு வலி, இந்த மூணும் தொடர்ந்து இருந்தா டாக்டர்கிட்ட போங்க. 'பழகிடும்'னு விடாதீங்க. எந்த டாக்டர்ங்கறதையும் நீங்க முடிவு பண்ணுங்க.

5. எடை, வயிறு, தொடை பத்தி யாரும் பேசக் கூடாது. நாமளும்தான். ஊர்ல இருந்து வர்ற அத்தை, சித்திகிட்டயும் சொல்லி வெச்சுடுங்க.

6. மெத்தை, ஸ்பாஞ்ச் குழி எல்லாம் இருந்தாலே பாதுகாப்பு ஆகிடாது. குழிக்குள்ள தலைகீழாப் பாய விடறாங்களா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைன்னு பாருங்க.

7. பிள்ளை 'போதும்'னு சொன்னா அந்த நிமிஷம் நிறுத்தறாங்களா? மத்த ஆறும் சரியா இருந்து இது இல்லைன்னா பிரயோஜனம் இல்லை.

*

ஏழாவதை எழுதினப்புறம்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. ஆறாவது வரைக்கும் எழுதின நான், வீட்டுல இருக்கற பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. ராத்திரி படுக்கப் போறப்போ கேட்டேன்.

"பாப்பா, டீம்ல சேர ஆசையா?"

"ம்ம்... ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருக்காங்க."

"வேற ஏதாவது பிடிக்காதது இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஸ்ப்ளிட்ஸ். தோள் மேல அமுக்குவாங்கப்பா. ரொம்ப வலிக்கும்."

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. இன்னும் பத்து எண்ணினா முடிஞ்சுடும்னாங்க. அழுதேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தே. உன்னைப் பார்த்தேன். நீதான்ப்பா இப்படிக் காட்டினே."

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு அந்த நாள் நினைவு இருக்கு. மடியில லேப்டாப், ஆபீஸ்ல ஏதோ அவசர வேலை. தலையை நிமிர்ந்தப்போ அவ என்னைப் பார்த்துட்டு இருந்தா. முகம் சிவந்திருந்தது. நல்லாப் பண்றே, விடாதேன்னு அர்த்தம் வர்ற மாதிரி கட்டை விரலைக் காட்டிட்டு மறுபடி குனிஞ்சுட்டேன். அதே அறையில இருந்தும் பார்க்காம போன அம்மாக்களைப் பத்திப் படிச்சு மனசு கலங்கினவன்தான் நான். என்னோட விஷயம் அவங்களோடதுல நூத்துல ஒரு பங்குகூடக் கிடையாது, ஒப்பிடறதே தப்பு. ஆனா என் பொண்ணு கண்ணாலயே அப்பாவைக் கூப்பிட்டிருக்கா. எனக்குக் கேட்கலை.

அடுத்த நாள் நேர்ல போய் அந்தப் பயிற்சி நிலையத்துக்காரங்ககிட்ட பேசினேன். மரியாதையாத்தான் பேசினாங்க. முதல்ல எல்லாப் பிள்ளைங்களும் அழும், டீம் பெற்றோர் எல்லாரும் இதைக் கடந்து வந்தவங்கதான்னாங்க. மாசத்துல ஒரு வாரம்ங்கற விதியை மாத்த முடியாதாம். நன்றின்னு சொல்லிட்டு வந்துட்டேன். கவரைத் திருப்பிக் குடுத்தாச்சு.

இப்போ வேற ஒரு சின்ன இடம். பழைய பெயின்ட் குடோன் மாதிரி இருக்கும். டீம் எல்லாம் பெருசா கிடையாது. வாரம் ரெண்டு தடவை, ஒண்ணரை மணி நேரம். முதல் நாள் அந்தப் பயிற்சியாளர் அம்மா பிள்ளைங்களை உட்காரவெச்சு, நான் கை வைக்கறதுக்கு முன்னாடி கேட்பேன், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்கன்னு சொன்னாங்க. பெற்றோர் பெஞ்சு சுவருக்கு வெளிய இல்லை, உள்ளேயே இருக்கு. பொண்ணு பழைய ஃப்ரெண்ட்ஸைப் பத்திக் கேட்டு ரெண்டு நாள் அழுதா. அதுவும் உண்மை, மறைக்க விரும்பலை. நான் பண்ணினது சரிதானான்னு எனக்கே சில நாள் சந்தேகம் வருது. நல்லா வரவேண்டிய பிள்ளையை நானே இழுத்துப் பிடிச்சுட்டேனோன்னு. தங்கமணிகிட்ட சொன்னா, "அவளுக்கு வேணும்னா அவளே கேட்பா, இப்போதான் கேட்கத் தெரிஞ்சிருக்கே"ன்னு முடிச்சுட்டாங்க.

போன வாரம் ஸ்ப்ளிட்ஸ் முறை வந்தப்போ அந்த அம்மா பக்கத்துல வந்து ஏதோ கேட்டாங்க. பொண்ணு தலையை ஆட்டி 'வேண்டாம்'னா. அவங்க அடுத்த பிள்ளைகிட்ட போயிட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பிப் பார்த்தா. லேப்டாப்பை நான் கார்லயே வெச்சுட்டு வந்திருந்தேன்.

உங்க வீட்டுல யாராவது ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், பரதம், கராத்தேன்னு போயிட்டு இருந்தா, இன்னிக்குச் சாயங்காலம் ஒரு தடவை கேட்டுப் பாருங்க மக்களே. என்ன சொன்னாங்கன்னு நேரம் கிடைச்சா எனக்கும் சொல்லுங்க.